பழைய வர்த்தக வயர்லெஸ்ஸை ஹாம் பேண்டுக்குக் கொண்டுவருதல்: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

வாடகைக் கார் நிறுவனம், நூற்பாலை, கல்குவாரி, காவலாளி ஏஜென்சி எனப் பல இடங்களில் ஒரு காலத்தில் இரவும் பகலும் உழைத்த வயர்லெஸ் கருவிகள், செல்போன் வந்தபிறகு அலமாரிக்குப் போய்விட்டன. மோட்டரோலா, கென்வுட், ஐகாம் போன்ற நிறுவனங்கள் கரடுமுரடான வேலைக்கென்றே செய்த கருவிகள் இவை. தடித்த அலுமினிய உடம்பும், பக்கத்தில் வலுவான சிக்னல் இருந்தாலும் திணறாத ரிசீவரும், மணிக்கணக்கில் பேசினாலும் தாங்கும் டிரான்ஸ்மிட்டரும் உள்ள இவற்றை, இன்று புதுக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கிவிடலாம். வயர்லெஸ்ஸைப் பொழுதுபோக்காகக் கையாளும் அமெச்சூர் வானொலிக்காரரைத்தான் ஹாம் என்பார்கள்; ஹாம் பேண்ட் என்பது அவர்களுக்கு ஒதுக்கிய அதிர்வெண் வரம்பு. ஹாம் உரிமம் புதிதாகப் பெற்றவருக்கு, மலிவான சீனக் கைக்கருவியைவிட இப்படிப்பட்ட பழைய கருவி ஒன்று நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஹாம் கருவியில் குமிழைத் திருப்பி வேண்டிய அதிர்வெண்ணுக்குப் போவதுபோல இதில் போக முடியாது. கணினியில் எழுதி ஏற்றிய சேனல்கள் மட்டுமே இதற்குத் தெரியும். ஒரு சேனலை மாற்ற வேண்டுமானாலும் மறுபடி கேபிளைத் தேட வேண்டும்.

முதலில் உரிமம்

கருவியை வாங்கிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறான வரிசை. நம் நாட்டில், 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே, பேசினால்தான் என்றில்லை, உரிமமில்லாமல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் என்ற பிரிவுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஓசைகளாலான தந்திக் குறியீடு) தேவையில்லை. ஜெனரல் பிரிவுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' என்ற அரசுத் தளத்தின் வழியாகப் போகிறது. தேர்ச்சி பெற்று, வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி உங்கள் பெயருக்கு வந்தபிறகே கருவியைத் தேடத் தொடங்குங்கள். வாங்கும்போது விற்பவரிடம் பில்லோ, கையெழுத்திட்ட ஒரு தாளோ வாங்கி, அதில் கருவியின் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் அழைப்புக்குறியைவிட அந்தத் தாள்தான் பேச்சைச் சீக்கிரம் முடித்துவைக்கும்.

உரிமத்தோடு மனத்தில் பதிய வேண்டிய எண்கள் இரண்டு ஜோடி மட்டுமே. வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) பகுதியில் இந்திய ஹாம்களுக்கு உரியது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. யு.எச்.எஃப். (அதைவிடவும் உயர்ந்த அதிர்வெண்) பகுதியில் 434 முதல் 438 வரை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்குக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே இரண்டு மீட்டர் பேண்ட் (144இல் தொடங்கும் பேண்டுக்கு அலை நீளத்தை வைத்து வந்த பெயர்) 148 வரை போகிறது. யு.எச்.எஃப். பக்கத்து எழுபது சென்டிமீட்டர் பேண்ட் 420இலிருந்து 450 வரை விரிகிறது. அந்தப் பட்டியல்களில் முதல் வரியிலேயே வரும் 146.520, 446.000 ஆகிய இரண்டும் இங்கே ஹாம் அதிர்வெண்களே அல்ல. வேறு ஒருவர் எழுதிய சேனல் பட்டியலை அப்படியே எடுத்து ஏற்றிவிட்டு, மதுரையில் இருந்துகொண்டு 146.520இல் 'யாராவது இருக்கிறீர்களா' என்று அழைத்தால், பதில் சொல்லக்கூடியவர் ஹாமாக இருக்கமாட்டார்.

லேபிளைப் படிப்பதே பாதி வேலை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படித்தால் போதும். வர்த்தகக் கருவி எதுவும் எல்லா அதிர்வெண்ணிலும் ஓடாது. தொழிற்சாலையிலேயே ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் மட்டும் இயங்கும்படி, அதிர்வெண்ணை உருவாக்கும் ஆஸிலேட்டரும் வேண்டாத அதிர்வெண்களைத் தடுக்கும் வடிப்பான்களும் அமைக்கப்பட்டிருக்கும். ஒரே பெயரில், ஒரே முகத்தோடு, இரண்டு மூன்று வரம்புகளில் கருவிகள் வந்திருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதைச் சொல்வது பின்பக்கத்திலோ, பேட்டரியைக் கழற்றினால் உள்ளேயோ ஒட்டியிருக்கும் லேபிள் மட்டும்தான்.

மோட்டரோலாவின் ஜி.பி. 328, ஜி.பி. 338 கைக்கருவிகளிலும் ஜி.எம். 338 வண்டிக் கருவியிலும் லேபிளில் நீளமான மாடல் எண் ஒன்று இருக்கும். மூன்று எழுத்து, அதையடுத்து இரண்டு இலக்கம், அதன்பின் ஓர் எழுத்து என்று அது தொடங்கும். இலக்கங்களுக்கு அடுத்து வரும் அந்த எழுத்து 'கே' என்றால் கருவி 136 முதல் 174 வரை ஓடும். நம்முடைய 144–146 அதன் நடுவில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. 'ஆர்' என்றால் 403 முதல் 470 வரை. 434–438க்கு அதுவே போதும். 'எஸ்' என்றால் 450இல்தான் தொடக்கம்; நமக்கு உதவாது. அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

1990களில் பரவலாக ஓடிய மோட்டரோலா ஜி.எம். 300 சற்றே ஏமாற்றுக்காரக் கருவி. அதன் மாடல் எண்ணில் 'எம்' என்ற எழுத்தை அடுத்து வரும் இரண்டாம் இலக்கம் 3 என்றால் வி.எச்.எஃப்., 4 என்றால் யு.எச்.எஃப். ஆனால் வி.எச்.எஃப். கருவியே 136–162 என்றும் 146–174 என்றும் இரண்டு வகையாக வந்தது. முதல் வகை நமக்கென்றே செய்ததுபோல இருக்கும். இரண்டாம் வகை நம் பேண்ட் முடிகிற இடத்தில் தொடங்குகிறது.

நான் முதன்முதலில் வாங்கியது அந்த இரண்டாம் வகை. விற்றவர் 'வி.எச்.எஃப்.தான் சார், எல்லாம் ஓடும்' என்றார். நானும் லேபிளைத் திருப்பிப் பார்க்கவில்லை. மென்பொருளின் தடையை எப்படியோ தாண்டி 145இல் சேனல் எழுதி, மாலை வேளையில் மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒழுங்காகவே பேசியது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்த அன்று மதியம், பேசும் பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்ற நீண்ட ஓசை மட்டும் வந்தது, டிரான்ஸ்மிட்டர் கிளம்பவில்லை. ஆஸிலேட்டர் தன் வரம்புக்கு வெளியே ஒரு மெகாஹெர்ட்ஸ் இழுத்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தது; சூடேறியதும் பிடி நழுவிவிட்டது. வரம்பின் விளிம்பில் ஓடும் கருவி குளிர்ந்த அறையில் காட்டும் நன்னடத்தையை நம்பக்கூடாது. உள்ளே இருக்கும் சுருளை நகர்த்தி வரம்பைக் கீழே இறக்கிக்கொள்ள வழி உண்டு என்றாலும், அளக்கும் கருவிகளும் அனுபவமும் இல்லாத புதியவருக்கு அது உகந்த வேலையில்லை.

கென்வுட்டில் மாடல் எண்ணின் முதல் இலக்கம் கொஞ்சம் வழிகாட்டும். டி.கே. 2107, 2207 என்று 2இல் தொடங்குபவை வி.எச்.எஃப். கைக்கருவிகள், 3107, 3207 என்று 3இல் தொடங்குபவை யு.எச்.எஃப். கைக்கருவிகள். 7இல் தொடங்கினால் வி.எச்.எஃப். வண்டிக் கருவி, 8 என்றால் யு.எச்.எஃப். வண்டிக் கருவி. ஆயினும் ஒரே எண்ணிலேயே வெவ்வேறு வரம்புகள் உண்டு என்பதால், லேபிளில் அச்சிட்டிருக்கும் அதிர்வெண் வரம்பைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். 150–174 என்றோ 450–490 என்றோ இருந்தால், அது நமக்கான கருவியில்லை. லேபிள் கிழிந்துபோயிருந்தால், மென்பொருளில் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனைகள் இன்னும் சில உண்டு. ஆன்டெனா இணைப்பின் நடு ஊசி நேராக இருக்கிறதா, வண்டிக் கருவியென்றால் மைக் இருக்கிறதா, மின்சார வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா, கைக்கருவியென்றால் பேட்டரி முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரி செத்துப்போயிருப்பது இயல்பு. அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு வைத்திருந்த நிறுவனம் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பூட்டிய கருவியைத் திறப்பது தனிக் கதை. அது இங்கே வேண்டாம்.

கேபிளும் கணினியும்

கருவிக்குள் பேசும் மின்னழுத்தம் 5 வோல்ட் அளவில் இருக்கிறது; கணினியின் பழைய சீரியல் போர்ட்டோ நேர், எதிர் இரண்டு பக்கமும் அதைவிடப் பெரிய மின்னழுத்தத்தில் பேசுகிறது. இரண்டையும் நேரடியாக வயரால் இணைத்தால் கருவியின் மூளை பொசுங்கும். நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சிறு சுற்றுதான் புரோகிராமிங் கேபிளின் பெரிய தலைக்குள் இருப்பது. மோட்டரோலாக்காரர்கள் அதைத் தனிப் பெட்டியாக வைத்து 'ரிப் பாக்ஸ்' என்று அழைத்தார்கள். மேக்ஸ் 232 என்ற சில்லையும் நான்கைந்து மின்தேக்கிகளையும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சாலிடரிங் பழக்கமுள்ளவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பழக்கமில்லாதவர் வாங்கிவிடுவதே நல்லது.

கென்வுட்டின் இரண்டு முள் கைக்கருவிகளுக்கு, சீனக் கைக்கருவிகளோடு விற்கும் யு.எஸ்.பி. கேபிளே பெரும்பாலும் பொருந்தும். ஏனென்றால் அந்தச் சீனக் கருவிகள் கென்வுட்டின் இணைப்பு முறையைப் பின்பற்றியே செய்யப்பட்டவை. ஆனால் மலிவான கேபிள்களில் ஒரு தொல்லை உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது ப்ரொலிஃபிக் என்ற நிறுவனத்துச் சில்லின் போலி. புதிய விண்டோஸ் டிரைவர் அதை அடையாளம் கண்டு வேலை செய்ய மறுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பழைய டிரைவரை நிறுவினால் பல நேரம் சரியாகிவிடும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துச் சில்லுள்ள கேபிளை வாங்கினால் இந்த வேதனையே இல்லை. கேபிள் கணினியில் எந்த காம் போர்ட் எண்ணில் அமர்ந்திருக்கிறது என்பதையும் அதே இடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருள்கள் சிறிய எண்களை மட்டுமே ஏற்கும் என்பதால், 1 முதல் 4க்குள் மாற்றிவைப்பது பாதுகாப்பு.

மென்பொருளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி மென்பொருள் வைத்திருக்கிறது. அவை விலைக்கு விற்கப்படுபவை. எங்கேயோ கிடைக்கும் பிரதியை இறக்கினால் வைரஸும் கூடவே வரும். இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கும் 'சிர்ப்' என்ற மென்பொருள் சில கென்வுட் வர்த்தகக் கருவிகளை ஆதரிக்கிறது, டி.கே. 7102, 8102, 7180, 8180 ஆகியவை அவற்றுள் சில. புதியவர் வாங்குவதற்கு முன்பே அதன் பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள மாடலைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். ஜி.எம். 300இன் மென்பொருளோ டாஸ் காலத்தது. கணினியின் வேகத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடும் அது, இன்றைய லேப்டாப்பில் தடுமாறும். 486 காலத்துக் கணினி ஒன்று பரணில் இருந்தால் மட்டும் அந்தக் கருவியை யோசியுங்கள்.

படி, சேமி, பிறகே எழுது

மேசையில் கருவியை வைத்து, ஆன்டெனா இணைப்பில், ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் டம்மி லோடை மாட்டுங்கள். வேலை நடுவில் தவறுதலாகப் பேசும் பொத்தான் அழுந்தினாலும் அலை வெளியே போகாது, கருவிக்கும் கேடில்லை. வண்டிக் கருவிக்கு 13.8 வோல்ட் வேண்டும். புரோகிராமிங்குக்கு ஓர் ஆம்பியர் போதுமானாலும், பின்னால் பேசும்போது 25 வாட் கருவிக்கு 8 ஆம்பியரும் 45 வாட் கருவிக்கு 12 ஆம்பியரும் ஒதுக்குவது நல்லது. கருவியைப் பேட்டரியில் ஓட்டுங்கள், லேப்டாப்பும் தன் பேட்டரியில் ஓடட்டும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால், பாதி எழுதிய நினைவகத்தோடு கருவி எழுந்திருக்க மறுத்துவிடக்கூடும். மின்தடை அறிவிப்பு வந்த நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. அறிவிப்பில்லாத மின்தடைதான் பயப்பட வேண்டியது.

கருவியை அணைத்த நிலையில் கேபிளை இணைத்து, பிறகு போடுங்கள். மென்பொருளில் முதலில் செய்ய வேண்டியது 'ரீட்' மட்டும். கருவிக்குள் இருக்கும் முழுத் தகவலும் கணினிக்கு வந்து சேரும். ஹாம்கள் இதைக் 'கோட்பிளக்' என்பார்கள். எதையும் தொடாமல் அதை அப்படியே, கருவியின் சீரியல் எண்ணையும் தேதியையும் பெயராக வைத்துச் சேமியுங்கள். அதே கோப்பை இன்னொரு பென்டிரைவிலும் வையுங்கள். பிறகு கருவியை அணைத்துப் போட்டு இரண்டாம் முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் கேபிளில் ஏதோ பழுது. அந்தக் கேபிளால் எழுதக்கூடாது.

மோட்டரோலாவில் இன்னொரு கண்ணி உண்டு. புதிய பதிப்பு மென்பொருளால் கருவியை எழுதினால், கோட்பிளக்கையும் அது புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுவது உண்டு; அதற்குப்பின் பழைய பதிப்பால் திறக்க முடியாது. நண்பர் ஒருவரின் மென்பொருளை நம்பியிருப்பவர்கள், முதலும் கடைசியும் ஒரே பதிப்பையே பயன்படுத்துவது நல்லது. ஒரு கருவியின் கோட்பிளக்கை அதே மாடலின் இன்னொரு கருவியில் ஏற்றுவதையும் தவிருங்கள். ஒவ்வொரு கருவியின் திறனும் ரிசீவரும் தொழிற்சாலையில் தனித்தனியே சரிசெய்யப்பட்டவை. சில வகைகளில் அந்த அளவுகளும் கோட்பிளக்கோடு சேர்ந்தே பயணிக்கும்.

இப்போது சேமித்த கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து, பழைய சேனல்கள் அனைத்தையும் நீக்குங்கள். ஆர்வத்துக்காகக் கேட்கலாமே என்று ஒன்றிரண்டை விட்டுவைப்பவர்கள் உண்டு. அவை வேறொருவருக்கு ஒதுக்கிய அதிர்வெண்கள். உங்கள் உரிமத்தில் அவை இல்லை. குமிழைத் தவறாகத் திருப்பிய ஒரு நொடியில் அங்கே பேசியும்விடலாம்.

முதல் சேனலில் உள்ளூர் நண்பர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் அதிர்வெண்ணை எழுதுங்கள். அது 145.500 என்று வைத்துக்கொண்டால், வாங்கும் அதிர்வெண், அனுப்பும் அதிர்வெண் என்ற இரண்டு இடத்திலும் 145.500 என்றே வரும். இரண்டாம் சேனல் ரிபீட்டருக்கு. மலையுச்சியில் இருக்கும் ரிபீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, மற்றோர் அதிர்வெண்ணில் திரும்பச் சொல்கிறது. இரண்டு மீட்டர் பேண்டில் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். எடுத்துக்காட்டாக, ரிபீட்டரை 145.600இல் கேட்கிறோம் என்றால், நாம் அனுப்ப வேண்டியது 145.000இல். ஹாம் கருவியில் 'மைனஸ் ஷிஃப்ட்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். வர்த்தகக் கருவியில் இரண்டு எண்ணையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதிவிட்டு, 'ரிபீட்டர் செத்துப்போச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரிபீட்டர் திறந்துகொள்ள, நம் குரலுக்கு அடியில் காதுக்குக் கேட்காத ஒரு தாழ்ந்த ஓசையும் போக வேண்டியிருக்கலாம். சி.டி.சி.எஸ்.எஸ். எனப்படும் இந்த ஓசைகள் 67.0 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 வரை வரிசையாக இருக்கின்றன. எது வேண்டும் என்பதை அந்த ரிபீட்டரைப் பராமரிப்பவர்கள் சொல்வார்கள். அனுப்பும் பக்கத்தில் மட்டும் அதைப் போடுங்கள். வாங்கும் பக்கத்தில் 'கேரியர் ஸ்கெல்ச்' (அந்த ஓசை இல்லாவிட்டாலும், அலை வந்தாலே ஸ்பீக்கரைத் திறக்கும் அமைப்பு) என்றே விட்டுவிட்டால், கருவி சரியாகக் கேட்கிறதா என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் சேனலில் 145.800ஐக் கேட்பதற்கு மட்டும் எழுதி, அனுப்பும் இடத்தைக் காலியாக விடச் சொல்வேன். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் பள்ளி மாணவர்களோடு பேசும் அதிர்வெண் அது. நிலையம் தலைக்குமேல் கடக்கும் பத்து நிமிடத்தில், சாதாரண ஆன்டெனாவிலேயே மதுரை மொட்டைமாடியில் கேட்கும். 145.8க்கு மேலும், யு.எச்.எஃப்.இல் 435 முதல் 438 வரையும் செயற்கைக்கோள்களுக்கு விட்டுவைக்கப்பட்ட பகுதிகள். எனவே நண்பர்களோடு பேச அங்கே சேனல் எழுதாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத அமைப்புகள்

சேனல்களை எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைத்து ஏற்றிவிடுகிறவர்கள், அடுத்த நாள் நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் கூட்டத்தில்) திட்டு வாங்குகிறார்கள். வர்த்தகக் கருவிக்குள் நிறுவனங்களின் தேவைக்காக வைத்த பல வசதிகள் ஒளிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் அணைக்க வேண்டும்.

முதலாவது அலையின் அகலம். வர்த்தகப் பயன்பாட்டில் சேனல் இடைவெளியை 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்கிவைத்திருப்பார்கள். அப்போது குரல் அலையை இரண்டு பக்கமும் 2.5 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே அசைக்கும். ஹாம்கள் பேசுவது பெரும்பாலும் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 5 கிலோஹெர்ட்ஸ் அசைவோடு. குறுகிய அமைப்பிலேயே விட்டுவிட்டால், சிக்னல் முழுதாக வந்தும் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மற்றவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் கரகரக்கும். மைக்கைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, பேசும் பொத்தானை அழுத்தும்போதோ விடும்போதோ கருவி தன் அடையாள எண்ணை ஓசையாக அனுப்பும் வசதி. மோட்டரோலாவில் எம்.டி.சி. 1200 என்பதும், பல கருவிகளில் ஐந்து ஓசை அழைப்பும் இந்த வகை. ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போனால் அது இயக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அணையுங்கள். குரலைத் தலைகீழாக்கி மறைக்கும் ஸ்கிராம்ப்ளர் இருந்தால், அது கட்டாயம் அணைக்கப்பட வேண்டும்; ஹாம் பேண்டில் மறைபேச்சுக்கு இடமில்லை, எவரும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறந்த மொழியில்தான் பேச வேண்டும். ஒலியை அமுக்கி விரிக்கும் கம்பாண்டர் வசதியையும் எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அது இல்லையென்றால் குரல் ஏறி இறங்கித் தள்ளாடும்.

ஆனால் ஒன்றை மட்டும் அணைக்காதீர்கள். தொடர்ந்து பேசும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் டைம் அவுட் டைமரை இரண்டு அல்லது மூன்று நிமிடத்தில் வைத்துவிடுங்கள். வண்டியின் இருக்கை இடுக்கில் மைக் சிக்கிப் பொத்தான் அழுந்தியபடியே கிடந்தால், ரிபீட்டரை முழுவதும் அடைத்துக்கொண்டு நீங்கள் வண்டியில் பாடும் பாட்டு நான்கு மாவட்டத்துக்குப் போய்ச் சேரும். டைமர்தான் அந்த மானத்தைக் காக்கும்.

எல்லாம் முடிந்தபின் எழுதி, கருவியை அணைத்துப் போட்டு, மறுபடி படித்துச் சரிபாருங்கள். இந்தப் புதிய கோப்பையும் தனிப் பெயரில் சேமியுங்கள்.

முதல் பேச்சுக்கு முன்

டம்மி லோடு மாட்டியபடியே குறைந்த திறனில் பேசிப் பாருங்கள். ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். எனப்படும் யு.எஸ்.பி. ரிசீவர் குச்சி ஒன்று இருந்தால், அதை அடுத்த அறையில் வைத்துக் கணினித் திரையில் உங்கள் அலையைக் கண்ணாலேயே காணலாம். பக்கத்திலேயே வைத்தால் குச்சி திணறி, இல்லாத அலைகளையெல்லாம் காட்டிப் பயமுறுத்தும். அலை 145.500இல்தான் நிற்கிறதா, பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு பிழை என்பது சுமார் 725 ஹெர்ட்ஸ், அது பொருட்டில்லை. ஒன்றரை, இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால், அதிர்வெண்ணுக்கு அடிப்படையான பழைய கிரிஸ்டல் வயதாகி நகர்ந்துவிட்டது என்று பொருள். குச்சிக்கே பிழை இருக்கலாம் என்பதால், தெரிந்த ஒரு ரிபீட்டரின் அலையை முதலில் அதில் பார்த்து ஒப்பிட்டபின் முடிவுக்கு வாருங்கள். கிரிஸ்டலைச் சரிசெய்வதை ஃப்ரீக்வென்சி கவுன்டர் வைத்திருக்கும் மூத்த ஹாம் ஒருவரிடம் விட்டுவிடலாம்.

அடுத்தது ஆன்டெனா. கருவியோடு வந்த பழைய ஆன்டெனா பெரும்பாலும் 160 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். கால் அலை நீளக் கம்பி 160இல் சுமார் 44.5 சென்டிமீட்டர், 145இல் 49 சென்டிமீட்டர் வேண்டும். அந்த நான்கரை சென்டிமீட்டர் குறைவுக்காகத் திறனில் ஒரு பகுதி கருவிக்கே திரும்பி வந்து அதைச் சூடாக்கும். 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றும், கீழே நான்கு பக்கமும் சாய்வாக இறங்கும் அதே நீளத்துக் கம்பிகள் நான்கும், ஒரு பேனல் சாக்கெட்டும் இருந்தால் வீட்டு மாடிக்கு நல்ல ஆன்டெனா தயார். 434க்கு ஒவ்வொரு கம்பியும் 16.4 சென்டிமீட்டர் போதும். திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்துப் பார்த்து, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி 1.5க்குக் கீழே கொண்டுவாருங்கள். கூடுதல் நீளத்தில் தொடங்கி வெட்டுவது எளிது. வெட்டியதை ஒட்ட முடியாது.

கேபிளில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஆர்.ஜி. 58 வகை மெல்லிய கேபிள் 10 மீட்டர் போட்டால் 145இல் சுமார் 2 டெசிபெல் போய்விடுகிறது. அதாவது திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே கரைகிறது. யு.எச்.எஃப்.இல் பாதிக்கும் மேல் போய்விடும். நீளத்தைக் குறையுங்கள், அல்லது ஆர்.ஜி. 213 போன்ற தடித்த கேபிளுக்குப் போங்கள்.

எவ்வளவு தூரம் போகும் என்று கேட்காத புதியவர் இல்லை. இந்த அலைகளுக்குத் திறனைவிட உயரமே முக்கியம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோத் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பத்து மீட்டர் உயர மாடிக்கு 13 கிலோமீட்டர். இரண்டு மாடிகளுக்கு இடையே 26. எனவே மதுரை அண்ணா நகரிலிருந்து திருமங்கலம் எட்டும். நடுவில் நிற்கும் கட்டடங்கள் கொஞ்சம் தின்னும். சமவெளியைவிட 2000 மீட்டர் உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலை விளிம்பில் ஓர் ஆன்டெனா இருந்தால், அதன் தொடுவானம் மட்டும் 184 கிலோமீட்டர். மலையில் இருக்கும் ரிபீட்டருக்கு 5 வாட்டே தாராளம் என்பதும், உங்கள் 45 வாட்டைக் குறைந்த திறனிலேயே வைத்திருக்கலாம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து புரியும். ஆனால் நாகமலை, யானைமலை போன்ற பாறைகளுக்குப் பின்னால் வீடு இருப்பவர்களுக்கு நிழல் விழும். மாடியின் எந்த மூலையில் கம்பத்தை நட்டால் மலை விலகித் தெரிகிறது என்று முதலில் நின்று பார்த்துவிடுங்கள்.

முதல் அழைப்பில் உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, பழைய வர்த்தகக் கருவியில் முதல்முறை பேசுகிறேன், ஒலி எப்படி இருக்கிறது, அதிர்வெண் நகர்ந்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். யாராவது ஒருவர் ஆற அமரச் சோதித்துச் சொல்வார். அவர் சொன்னதைக் கருவியின் அடியில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி, அதன் கீழேயே சேனல் பட்டியலையும், கடைசியாக எழுதிய கோப்பின் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சேனலை மாற்ற உட்காரும்போது, எந்தக் கோப்பு இந்தக் கருவிக்குரியது என்று லேப்டாப்பில் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.